கைக்காசு போட்டு 7 இசை மாநாடுகள்: பழந்தமிழ் இசையின் கணக்கைத் தேடிய ஆபிரகாம் பண்டிதர்

கிட்டாரோ வயலினோ கற்றுக்கொள்பவர் மொபைலில் ஒரு ட்யூனர் ஆப் கட்டாயம் இருக்கும். தந்தியை மீட்டினால், முள் இடமும் வலமும் ஆடி, சுரம் சரியாக நிற்கிறதா என்று காட்டும். அந்த ஆப் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாக வெட்டி வைத்திருக்கிறது. கீபோர்டிலும் அதே 12 பங்குதான். இது ஐரோப்பாவிலிருந்து வந்த கணக்கு என்பது பொதுவான எண்ணம்.

இந்தக் கணக்கு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது என்று சொன்னார் ஒருவர். சொன்னதோடு விடவில்லை. வித்வான்களைத் தன் ஊருக்கு வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, அவர்கள் முன்னாலேயே அதைப் பாடியும் வாசித்தும் காட்டி விவாதித்தார். 1912-ல் தொடங்கி அவர் நடத்திய மாநாடுகள் மொத்தம் ஏழு. சென்னை மியூசிக் அகாடமி பிறப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது.

அவர் தஞ்சாவூர் ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். பரம்பரை இசைக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. அரண்மனை வித்வானும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, சித்த மருந்து தயாரிப்பில் சம்பாதித்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் பெரும் பங்கை, வழக்கொழிந்துபோன ஓர் இசையின் கணக்கைத் தேடுவதில் செலவழித்தார்.

அவர் சொன்னது சரியா? முழுக்க சரி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத் தாண்டிப் போகவும் யாராலும் முடியவில்லை. இந்தக் கதையில் சேலத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியாது.

சாம்பவர் வடகரையிலிருந்து தஞ்சாவூர்

தென்காசி பக்கத்தில் சாம்பவர் வடகரை என்ற ஊர். அங்கே 1859 ஆகஸ்ட் 2-ம் தேதி முத்துசாமி – அன்னம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார் ஆபிரகாம். கிறிஸ்தவக் குடும்பம். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். அந்தக் காலத்தில் கிராமத்துப் பையனுக்குச் சம்பளமும் மரியாதையும் ஒன்றாகக் கிடைக்கும் வேலை அதுதான்.

திண்டுக்கல்லில் அவர் கற்றது பாடம் நடத்துவது மட்டும் இல்லை. சடையாண்டி பட்டர் என்பவரிடம் இசை கற்றுக்கொண்டார். போட்டோ எடுப்பது, அச்சு வேலை, தோட்டக்கலை, சோதிடம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் ஒரு கை பார்ப்பவர் அவர். இன்றைக்கு இருந்திருந்தால் நாலு யூடியூப் சேனல் வைத்திருப்பார்.

சித்த மருத்துவத்தில் ஈடுபாடு வந்ததும், மூலிகை தேடி சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற துறவியைச் சந்தித்து, அவரிடம் மருத்துவ முறைகளைக் கற்றார். தன் மருந்து, தோட்டம், நூல் எல்லாவற்றுக்கும் பின்னாளில் அவர் வைத்த பெயர்களில் கருணை என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது இந்தக் குருவின் நினைவாகத்தான். கிறிஸ்தவராக இருந்துகொண்டே ஒரு மலைச் சாமியாரைக் குருவாக ஏற்றதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே இருவரும் தஞ்சாவூருக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் மருந்து தயாரிப்பு. மருந்து நன்றாக விற்கத் தொடங்கியதும் 1890-ல் ஆசிரியர் வேலையை விட்டார்.

மருந்து விற்ற காசு

கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் அவர் விற்ற மருந்துகள் தமிழ்நாட்டைத் தாண்டி இலங்கை, பர்மா, மலாயா வரை போயின. தமிழர்கள் கூலிகளாகவும் வணிகர்களாகவும் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊர் மருந்து கைவசம் இருந்தால் அவர்களுக்குத் தெம்பு. கோரோசனை மாத்திரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது.

வந்த பணத்தில் தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி, கருணானந்தபுரம் என்ற பெரிய தோட்டத்தை உருவாக்கினார். மூலிகை, கரும்பு, பழ மரங்கள், பட்டுப்புழு என்று அங்கே எல்லாமே பரிசோதனைதான். சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் லாலி இந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். பண்டிதர் தொடங்கிய அச்சகத்துக்கு லாலி என்ற பெயரே வைக்கப்பட்டது. 1909-ல் ஆங்கில அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டம் கிடைத்தது மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும்தான். இசைக்கு இல்லை.

இந்தத் தோட்டக்கார மனதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு செடி இந்த மண்ணில் வருமா என்பதை நட்டுப் பார்த்தால்தான் தெரியும். நூலில் எழுதியிருக்கிறது, பெரியவர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது. இசைக்கும் அவர் இதே வழியில்தான் வந்தார்.

பாடம் நடத்தப் போன இடத்தில் வந்த சந்தேகம்

அவருடைய இசை ஆர்வம் முதலில் பெரிய ஆராய்ச்சியாக இல்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் தமிழில் இசை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் தொடக்கம். அப்போது கர்நாடக இசையின் அடிப்படைப் பாடங்களில் கீதம், வர்ணம், கீர்த்தனை என்று பெரும்பாலானவை தெலுங்கிலோ சம்ஸ்கிருதத்திலோ இருந்தன. தமிழ்ப் பிள்ளை பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யும். ஒரு வாத்தியாருக்கு இது உறுத்தாமல் இருக்குமா? கற்பவர்களுக்காகத் தமிழில் பாடல்களை எழுதி, சுரப்படுத்தி, 1907-ல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற நூலாக வெளியிட்டார்.

பாடம் சொல்லப் போனால் அடிப்படையை விளக்க வேண்டும். சுரம் என்றால் என்ன? ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி? வித்வான்களைக் கேட்டால் 22 என்றார்கள். 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் அப்படித்தான் சொல்கிறது. சரி, அந்த 22-ம் எங்கெங்கே நிற்கின்றன, வாசித்துக் காட்டுங்கள் என்றால் ஆளுக்கொரு கணக்கு வந்தது. வீணையில் மெட்டு 12 இடத்தில்தான் இருந்தது. புத்தகத்தில் ஒன்று, விரலடியில் இன்னொன்று. இந்த இடைவெளிதான் அவரைப் பழைய தமிழ் நூல்களுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

அப்படி இழுத்துக்கொண்டு போக அந்த நூல்கள் கையில் இருக்க வேண்டுமே? அங்கேதான் சேலம் வருகிறது.

சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் ஐயர் வரிசையாக அடுக்கினார். முதலியாருக்கு அதில் எந்த வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்பது போலக் கேட்டார். ஐயரிடம் பதில் இல்லை. அந்தச் சந்திப்புதான் அவரை ஏடு தேட வைத்தது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் சேர்ந்து வந்தது. முதலியார் காலமானதும் அதே 1892-ல்தான்.

இசைக்கு முக்கியம் அந்த உரை. அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படுகிறது. பெருந்துறை வட்டாரத்து ஊர் அது. அவரை ஆதரித்தவர் பொப்பண்ண காங்கேயன் என்ற கொங்குத் தலைவர். இளங்கோவடிகள் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் யாழ், குழல், பண், பாலை எல்லாவற்றுக்கும் அடியார்க்கு நல்லார்தான் விளக்கம் தருகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று, தன் கையில் இருந்த ஐந்து நூல்களின் பெயரையும் சொல்லிவிடுகிறார். பண்டிதர் காலத்தில் இந்த ஐந்தில் ஒன்றுகூட அச்சில் இல்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரு கொங்கு நாட்டு உரையாசிரியரின் குறிப்புகள்தான்.

ஆக, சேலத்துக்காரர் கிளப்பிவிட்ட தேடலில், கொங்கு நாட்டுக்காரர் எழுதிய உரை, உத்தமதானபுரத்துக்காரர் கையால் அச்சேறி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மருத்துவரின் மேசைக்குத் தஞ்சாவூரில் வந்து சேர்ந்தது.

1912 மே 27

1911-ல் பொன்னம்மாள் காலமானார். அடுத்த ஆண்டு மே 27-ம் தேதி முதல் இசை மாநாட்டைத் தஞ்சாவூரில் கூட்டினார் பண்டிதர். சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பும் உருவானது. அடுத்தடுத்து ஆறு மாநாடுகள். செலவு முழுக்க அவருடையது.

இன்று இசைப் பட்டறை என்றால் எல்லாருக்கும் பழக்கம். அன்றைக்கு அது புதுசு. கச்சேரி கேட்க வேண்டுமானால் கோயில் திருவிழா, கல்யாண வீடு, ஜமீன் மாளிகை என்று ஏதோ ஒன்று வேண்டும். பாடம் என்றால் குருவின் வீட்டுத் திண்ணை. குரு சொன்னதைக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. வேறு வேறு குரு வழியில் வந்த வித்வான்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, கட்டுரை வாசிக்கச் சொல்லி, எதிர்க்கேள்வி கேட்க விட்டு, பிறகு வீணையை எடுத்து வைத்து, இப்போது காட்டுங்கள் பார்க்கலாம் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அதிலும் கூட்டியவர் சங்கீதப் பரம்பரையில் வராத கிறிஸ்தவர், மருந்துக்காரர் என்றால்? சம்ஸ்கிருத சாஸ்திரம் 22 என்று சொல்லும்போது இல்லை 24 என்று சொல்ல இவர் யார் என்ற முணுமுணுப்பு அந்தச் சூழலில் எழாமல் இருந்திருக்காது. வாயை அடைக்க அதிகாரம் எதுவும் அவரிடம் இல்லை. அதனால்தான் செய்து காட்டும் வழியைப் பிடித்தார்.

கூட்டங்களில் பேச்சு மட்டும் இல்லை. பாட்டும் இருந்தது. தான் சொல்லும் சுரங்கள் தாளில் மட்டும் இல்லை, காதிலும் கேட்கும் என்று காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு. அதற்குத் தன் வீட்டுப் பெண்களையே பயிற்றுவித்திருந்தார். மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வீணையோடு பாடிக் காட்டுவார்கள். குடும்பப் பெண்கள் சபையில் பாடுவதைச் சமூகம் ஏற்காத காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

12 ராசி, 7 பெண்கள்: அந்தக் கணக்குதான் என்ன?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சண்டையே இதில்தான்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு பகுதி. கோவலன் கொல்லப்படப் போகும் நேரம், மதுரை ஆயர்பாடியில் கெட்ட சகுனங்கள் தெரிகின்றன. மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை வைத்து ஆட வைக்கிறாள். அந்த வட்டம் 12 ராசி கொண்டது என்கிறது உரை. 12 வீடு, அதில் ஏழு பேர் நிற்கிறார்கள். கீபோர்டில் 12 கட்டை இருக்க, ஒரு ராகத்துக்கு ஏழு கட்டை எடுப்பது மாதிரி.

குரலிலிருந்து 7 ராசி தள்ளிப் போனால் இளி. இன்றைய பேச்சில் ச-விலிருந்து ப. அந்த இளியைக் குரலாக வைத்து இன்னும் 7 தள்ளினால் அடுத்த சுரம். இப்படி 12 தடவை தாவினால் 84 ராசி. 84 என்பது 12-ன் ஏழு மடங்கு. அதாவது வட்டத்தை ஏழு முறை சுற்றி, புறப்பட்ட குரலிலேயே வந்து நிற்போம். வட்டம் மூடிக்கொள்கிறது.

இதையே தந்தியில் செய்து பார்த்தால் மூடாது. ச-வின் அதிர்வு எண் 100 என்றால், காதுக்கு ஒட்டி ஒலிக்கும் ப 150. அதே விகிதத்தில் 12 தடவை ஏறி, ஏழு ஸ்தாயி இறக்கினால் 100-க்கு வர வேண்டும். வருவது 101.36. கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனால் நல்ல காதுக்கு அது அபசுரம். உலகத்தில் தந்தி வாத்தியம் வாசித்த எல்லாரும் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்கள். சீனாவில் ஜூ ஜாய்யூ என்ற இளவரசர் 1584-லேயே 12 சம பங்குக்கான கணக்கைப் போட்டுத் தீர்த்தார். ஐரோப்பாவும் ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே வந்து சேர்ந்தது. சம பங்கில் ப 150-க்குப் பதில் 149.83. அந்தச் சின்ன விட்டுக்கொடுத்தல் போதும், வட்டம் மூடிவிடும்.

பண்டிதரின் வாதம் இதுதான்: சிலப்பதிகார வட்டம் மூடுகிறது. அப்படியென்றால் அந்த 12 ராசியும் சம அளவில்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ராசியையும் இரண்டாக்கினால் 24 அலகு. 22 என்பது எப்படி வந்தது? உரையில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று அலகு சொல்லப்படுகிறது. கூட்டினால் 22. கைக்கிளையிலும் விளரியிலும் நுட்பத்துக்காக ஒவ்வோர் அலகு குறைத்து வாசித்திருக்கிறார்கள், அவற்றை 4, 4 ஆக்கினால் 24 வந்துவிடும் என்றார் அவர். குறைத்து வாசித்த முறையையே மூலக் கணக்கு என்று பிற்காலத்தார் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் கட்சி.

கேட்க அழகாக இருக்கிறது. எங்கே இடிக்கிறது? சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ் மல்லூர், புதுச்சத்திரம் என்று வரிசையாக நிற்கிறது. நிற்கும் ஊர்களின் பட்டியல் இருப்பதாலேயே ஊருக்கு ஊர் தூரம் ஒன்றாகிவிடாது. 12 ராசி என்பது சுரம் நிற்கும் இடங்களின் பெயர்ப் பட்டியலாக மட்டுமே இருந்திருக்கலாம். எல்லா ராசியும் சம அகலம் என்று உரை எங்கும் அளந்து சொல்லவில்லை. இன்னொன்று, தம்புரா மீட்டிக்கொண்டு பாடும்போது அந்தர காந்தாரம் இயல்பாக 125-ல் போய் உட்காரும். சம பங்குக் கணக்கில் அது 126-ஐத் தொட்டுவிடும். தம்புராவோடு அது உரசும். தவிர, நம் இசையில் சுரம் ஒரே இடத்தில் நிற்பதே குறைவு. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும். அதை எந்த அலகில் அடைப்பது?

பரோடாவில் நடந்தது

1916-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பின்னிருந்து நடத்தியவர் வி.என். பாத்கண்டே. இந்துஸ்தானி ராகங்களை வகைப்படுத்தியவர். மாநாட்டின் சூடான விஷயம் சுருதிதான். ஈ. கிளெமன்ட்ஸ் என்ற ஆங்கில நீதிபதியும் கே.பி. தேவலும் 22 சுருதிக் கணக்கை வைத்துத் தனியாக ஒரு ஹார்மோனியமே செய்யச் செய்திருந்தார்கள்.

தென்கோடியிலிருந்து பண்டிதர் மகள்களோடு போனார். தன் 24-ஐ வாதத்திலும் வீணையிலும் வைத்தார். பெரிய சமஸ்தானத்து உஸ்தாத்களும் பண்டிதர்களும் உட்கார்ந்திருந்த சபையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பாடிக் காட்டினார்கள். சுருதி எத்தனை என்ற கேள்விக்கு அந்த மாநாட்டில் முடிவு எட்டப்படவில்லை. ஆனால் அதுவரை சம்ஸ்கிருத நூல்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த விவாதத்தில், தமிழில் ஒரு பழைய நூல் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பது பதிவானது.

அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஒருவர்

பண்டிதர் பிறப்பதற்கு ஓர் ஆண்டு முன்னால், 1858-ல் பிரான்ஸில் பிறந்தவர் ஆர்னால்ட் டோல்மெட்ச். லண்டனில் குடியேறி, யாரும் வாசிக்காமல் கிடந்த லூட், வயோல், ஹார்ப்சிகார்ட் போன்ற பழைய வாத்தியங்களைத் தூசி தட்டி எடுத்தார். தானே செய்யவும் தொடங்கினார். வீட்டுக் கூடத்தில் கச்சேரி வைத்தார். வாசித்தவர்களில் அவர் குடும்பத்தாரும் உண்டு. 17, 18-ம் நூற்றாண்டு இசையை எப்படி வாசித்தார்கள் என்று அவர் எழுதிய நூல் 1915-ல் வந்தது. ஏர்லி மியூசிக் என்று உலகம் முழுக்க இன்று கச்சேரியும் பட்டறையுமாக நடக்கும் இயக்கத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

இருவருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருந்ததற்கு அடையாளம் இல்லை. ஆனால் வீடு, குடும்பம், கைக்காசு, செய்து காட்டும் பிடிவாதம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டோல்மெட்ச் கையில் பழைய வாத்தியங்கள் இருந்தன, சுரம் எழுதிய தாள்களும் இருந்தன. பண்டிதருக்கு யாழ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் யாழ் என்ற வாத்தியமே அழிந்துபோயிருந்தது. இருந்தது செய்யுளும் உரையும்தான். அதை வைத்துக்கொண்டு ஓர் இசையைக் கட்டியெழுப்புவது, சமையல் குறிப்பை வைத்துச் சாப்பாட்டின் ருசியைச் சொல்வது மாதிரி.

1,300 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம்

1917-ல் கருணாமிர்த சாகரம் முதல் புத்தகம் வெளிவந்தது. 1,300 பக்கத்துக்கு மேல். சொந்த அச்சகம் இருந்ததால்தான் இது சாத்தியம். வேறு எந்தப் பதிப்பாளரும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். சுருதி பற்றி அதுவரை யார் யார் என்ன கணக்குச் சொன்னார்கள் என்பதை அட்டவணை அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எங்கே ஒத்துவரவில்லை என்று காட்டுகிறார். பிறகு ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று நாலு பாலை முறைகளையும் விளக்குகிறார்.

எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கடல்கொண்ட லெமூரியா, முதல் சங்கம் என்று நூலின் தொடக்கத்தில் அவர் விரிக்கும் பகுதிகளை இன்றைய வரலாற்றாளர்கள் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் படித்த தமிழர்கள் பலர் நம்பிய ஒன்றை அவரும் நம்பினார். ஆனால் அந்தப் பக்கங்களைத் தாண்டினால், ஒரு பொறியாளரின் நோட்டுப் புத்தகம் மாதிரி எண்கள், படங்கள், சரிபார்ப்பு. தான் தவறு என்று சொல்ல நினைப்பவருக்கும் தேவையான கணக்கை அவரே போட்டு வைத்திருக்கிறார். இன்றைய கர்நாடக ராகங்களுக்கும் பழைய தமிழ்ப் பண், பாலைகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து, 24 அலகுக் கணக்கைப் போல இல்லாமல், பின்னால் வந்த ஆய்வாளர்களிடம் வலுவாகவே நின்றது.

பின்னால் வந்தவர்கள்

1919 ஆகஸ்ட் 31-ம் தேதி பண்டிதர் காலமானார். 60 வயது. கருணானந்தபுரம் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். மாநாடுகளும் அவரோடு நின்றன. சங்கம் அவருடைய பணத்தில் ஓடியது, அவர் இல்லாமல் ஓடவில்லை. உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பாக அதை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அல்லது தோன்றவில்லை. அவருடைய பெரிய குறை இதுதான் என்று சொல்லலாம்.

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி இசை மாநாடு நடந்து, அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. அங்கே காலையில் அறிஞர்களின் விவாதம், மாலையில் கச்சேரி. இன்றைக்கும் டிசம்பர் சீசனில் நடக்கும் இந்த முறையைத் தஞ்சாவூரில் முன்னமே பார்த்தவர்கள் இருந்தார்கள். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து, மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டபோது, தமிழுக்கு என்று ஓர் இசை மரபு இருக்கிறதா என்ற எதிர்க்கேள்விக்குத் தூக்கிக் காட்ட ஒரு தடித்த புத்தகம் தயாராக இருந்தது.

மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் இதே சிலப்பதிகார வரிகளை எடுத்துக்கொண்டு, யாழின் வடிவத்தையே மீட்டெடுக்க முயன்று யாழ்நூல் எழுதினார். 1947-ல் அது வெளியானது. அவர் 22 அலகுக் கணக்கிலேயே நின்றார். பண்டிதரோடு உடன்படவில்லை, ஆனால் பண்டிதர் போட்ட பாதையில்தான் நடந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் பண்களை ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டினார். சிலப்பதிகார இசையையும் தமிழிசை வரலாற்றையும் ஆராய்ந்த பெண்களில் சேலம் எஸ். ஜெயலட்சுமி முக்கியமானவர்.

கொங்குப் பக்கத்திலிருந்து இரண்டு சான்றுகள் பண்டிதர் போன பிறகு வந்து சேர்ந்தன. அடியார்க்கு நல்லார் பெயர் சொன்ன ஐந்து நூல்களில் ஒன்றான பஞ்சமரபின் ஏட்டைக் கண்டெடுத்தவர் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். 1970-களில் அது அச்சில் வந்தது. இன்னொன்று கல்லில் இருந்தது. நாமக்கல் மாவட்டத்துக்குக் காவிரியின் எதிர்க்கரையில், ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூர் மலைக் குகை. 1960-களின் தொடக்கத்தில் அங்கே தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. த, தை, தா என்று எழுத்துகள் கட்டம் கட்டமாக, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. இவற்றை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. தாளமா, ஆடலுக்கான சொற்கட்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழில் இசை சார்ந்து கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் இது ஒன்று என்பதில் இல்லை.

பண்டிதர் எழுதி வைத்துவிட்டுப் போன இன்னொரு கட்டுக் கைப்பிரதி வீட்டில் அப்படியே இருந்தது. ராகங்களைப் பற்றிய பகுதி அது. பரோடா சபையில் தந்தையோடு போய்ப் பாடிய மரகதவல்லி, 1946-ல் அதைக் கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். தந்தை இறந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.